அரியணையில் தூங்கும் கரடி

"கரடி ராஜா அரியணையில தூங்குது. மேலிடத்தைக் கிண்டல் பண்றோம்னு படத்தையே முடக்கிடுவாங்க, ருஃபினா! அந்தக் காட்சியை வெட்டிடலாம்," என்று கெஞ்சினார் படத்தொகுப்பாளர் யெஃபிம்.

"அந்தத் தூக்கம்தான்யா கார்ட்டூனே! வெட்ட மாட்டேன்," என்றாள் இயக்குநர் ருஃபினா.

மாஸ்கோ ஸ்டுடியோவின் திரையிடும் அறைக்குள் தணிக்கைக் குழுவினர் மூவரும் உம்மென்று நுழைந்தார்கள். முன்வரிசையில், மார்பு நிறையப் பதக்கங்களோடு ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். யாரென்று கேட்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. மூவரும் சத்தமில்லாமல் பின்வரிசையில் அமர்ந்தார்கள்.

திரையில் கரடி குறட்டை விட்டது. பதக்கக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

"ஒரு காட்சியைக்கூட வெட்ட வேண்டாம், தோழர்!" என்று ருஃபினாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார் குழுத்தலைவர்.

ருஃபினா துள்ளிக்கொண்டு முன்வரிசைக்கு ஓடினாள். "ரொம்ப நன்றி, தோழர் தளபதி!"

சிரித்த சிரிப்பில் அவருடைய ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"தளபதியா? பக்கத்து செட்ல போர்ப்படம் எடுக்கறாங்கம்மா. லைட் போட நேரமாகும்னாங்க. கால் வலிச்சுது, இங்க வந்து உக்காந்துட்டேன்."