ஒழுகாத பஸ்

புது பஸ் சத்தமில்லாமல் வந்து நின்றது. கதவு தானாகத் திறந்து, குளிர்காற்று முகத்தில் அடித்தது. ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கிறவள் ஏறவில்லை.

டிக்கெட் முன்பைவிட மூன்று மடங்கு. ஏறினால் பாதிச் சம்பளம் பஸ்ஸுக்கே போகும். நடந்தால் நேரமாகும், இன்னொரு நாள் நேரமானால் வேறு ஆள் பார்ப்பதாக வார்டன் சொல்லியாகிவிட்டது.

பஸ் பாதி காலியாகவே கிளம்பிப் போனது. அவள் விறுவிறுவென்று டைம்கீப்பர் ஜன்னலுக்குப் போனாள். புருஷன் பின்னாலேயே வந்தான்.

"பழைய வண்டி எங்கய்யா?"

"காயலான் கடைக்குப் போயாச்சும்மா. இனி இதுதான்."

"அந்தப் பழைய வண்டிக்குள்ள மழைக்குக் குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நனைஞ்சு பத்து நாள் காய்ச்சலோட அலைஞ்சேன். ஆனாலும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்ல? இந்தச் சொகுசை யாரு கேட்டா?"

"ஜனங்கதான் கேட்டாங்க." டைம்கீப்பர் ஒரு கோப்பைப் புரட்டினார். "இந்தா, மனு. கூரை ஒழுகுது, சீட்டு கிழிஞ்சிருக்கு, நடுவழியில நிக்குது... மொத்தம் ஏழு குறை. ஏழையும் சரி பண்ணியாச்சு. சும்மா பண்ண முடியுமா?"

"எழுதினவன் கை விளங்காமப் போக!"

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு ரூபாய் பாக்கிக்குக் கண்டக்டர் சட்டையைப் பிடிக்கிற ஆள், இன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன்யா, வாயில என்ன கொழுக்கட்டையா? நாலு வார்த்தை நறுக்குன்னு கேளேன்!"

"விடு. வா, போலாம்," என்று அவள் பையைப் பிடித்து இழுத்தான்.

"எங்க போறது? நடந்தா இன்னிக்கே சீட்டு கிழிஞ்சிடும்!"

டைம்கீப்பருக்கே பாவமாக இருந்தது. "நீங்களும் ஒரு மனு குடுங்கம்மா, மேல அனுப்பறேன். பதில் வர ரெண்டு வருஷம் ஆகும். போன மனுவுக்கும் அப்படித்தான் ஆச்சு."

ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் ஜன்னல் வழியாக நீட்டினார். அவள் வாங்கிப் புருஷனிடம் கொடுத்தாள்.

"நீயே எழுதுய்யா. நம்ம வீட்டுல எழுத்து தெரிஞ்சவன் நீதானே? பழையபடி ஒழுகற பஸ்ஸே போதும்னு எழுது."

அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"நீ நனையுறேன்னுதான்டி எழுதினேன்."