பேக்கிங் அறைப் பெட்டி

மீன் கம்பெனியின் பேக்கிங் அறை வாசலில் எங்கள் வீட்டு மாப்பிள்ளை சப்பணமிட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருக்கிறார். நான் இங்கே கேட் வாட்ச்மேன். என் மகள் உள்ளே மீன் அடுக்குகிறாள். குளிரூட்டுகிற அம்மோனியா வாயு கசிந்தால் எல்லா அறைக்கும் ஒரே நேரத்தில் செய்தி போய், அறைக்கு அறை அலாரப் பெட்டி அலற வேண்டும். மாப்பிள்ளை காலையிலிருந்து இந்த அறைப் பெட்டிக்குத் தனியாக அனுப்பி அனுப்பிப் பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் அலறுகிறது. "நல்லாத்தானே வேலை செய்யுது மாமா." எனக்கு நம்பிக்கையில்லை. "கேஸ் என்ன, இந்த ரூமை மட்டும் விசாரிச்சுக்கிட்டா வரும்? எல்லாத்துக்கும் போட்டுக் காட்டுங்க." போடுகிறார். மற்ற அறைகள் அலறுகின்றன. இங்கே ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம் மட்டும். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் படிக்கிறார். "செய்தி வாங்குற சாக்கெட்டை இதோட சொந்த அட்ரஸுக்கு மட்டும் கட்டிவச்சுட்டேன் மாமா. பொதுவா வர்ற பிராட்காஸ்ட் இதுக்குள்ள போகாது." "படிச்சு நல்லாக் கிழிச்சீங்க மாப்பிள்ளை. உள்ள இருக்கறது உங்க பொண்டாட்டி." அவர் ஒரு வரியை மாற்றி மறுபடி எல்லாருக்கும் அனுப்புகிறார். இந்தப் பெட்டியும் காது கிழிய அலறுகிறது. சிவப்பு வெளிச்சம் ஈரச் சுவரில் சுற்றுகிறது. "இப்பவாவது நம்புறீங்களா?" என்று சுவரில் சாய்கிறார். நான் கதவுக் கண்ணாடி வழியே பார்க்கிறேன். காலையிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்த அலறல். ஒருத்தியும் எழவில்லை. என் மகள் ஒரு காதைத் தோளால் அடைத்துக்கொண்டு மீன் அடுக்கிக்கொண்டே இருக்கிறாள்.