ரோஸ் மருந்து

எடை மெஷினின் முள் ஐம்பத்திரண்டில் போய் நின்றதும் அம்பிகாவுக்கு உள்ளூர ஒரு திருப்தி.

ஒன்பது வயசுப் பெண்ணுக்கு ஐம்பத்திரண்டு கிலோ. தம்பி பெண்டாட்டி தமிழ்ச்செல்வி இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவாள்?

அனந்தபுரத்திலிருந்து பஸ் மாறி, திண்டிவனத்துக் குழந்தை டாக்டர் வரைக்கும் அவள் கூடவே வந்தது இதற்குத்தான். பெற்றவள் வளர்க்கிற லட்சணம் சரியில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டால், பிள்ளை அக்கா வீட்டிலேயே இருக்கட்டும் என்று தம்பி பார்த்திபன் ஒப்புக்கொண்டிருந்தான்.

பூவிழி மெஷினை விட்டுத் தலைகுனிந்தபடி இறங்கினாள். ஸ்கூலில் பூசணி என்று கூப்பிடுகிறார்களாம், பத்து நாளாக அழுகை. தமிழ்ச்செல்வி மகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

பெரிய பாசம்தான். அம்பிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவ கண்டதயும் வாங்கிக் குடுத்துக்கினே இருக்கறா டாக்டர். பரோட்டா, ஜூஸு, பாக்கெட் சிப்ஸு. கேட்டா எம்மேல எரிஞ்சு வுழுவுறா."

தமிழ்ச்செல்வி காதில் விழாததுபோல் மகளின் பின்னலைச் சரிசெய்தாள். கொழுப்பு, வேறென்ன.

டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பேச்சை வேறு எங்கோ கொண்டுபோனார். குடலுக்குள் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். தின்றதில் எவ்வளவு உடம்பில் சேர வேண்டும் என்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டாம். கைக்குழந்தைக்கு ஓயாமல் ஆன்டிபயாடிக் கொடுத்தால் அவை அழிந்துபோய், சில பிள்ளைகள் பின்னால் இப்படிப் பருத்துவிடலாம் என்று ஆராய்ச்சி சொல்கிறதாம்.

இரண்டு வயசுக்குள் எத்தனை தடவை கொடுத்தீர்கள், தெரிந்தால் அதற்கேற்றபடி வைத்தியம் பார்க்கலாம் என்றார்.

தமிழ்ச்செல்வி தலையைத் திருப்பி அம்பிகாவைப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாள்.

"அண்ணியக் கேளுங்க டாக்டர். ரெண்டு வயசு வரைக்கும் புள்ள அவங்ககிட்டதான் இருந்துச்சு. நான் ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி வேல பாத்துக்கினு இருந்தேன்."

டாக்டரம்மா அம்பிகாவின் பக்கம் திரும்பினார்.

ஆமாம், அவள்தான் வளர்த்தாள். ராத்திரி பகல் பாராமல் தோளிலேயே போட்டு வளர்த்தாள். குழந்தை தும்மினால் போதும், மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவாள். டாக்டர் சீட்டெல்லாம் கிடையாது. போன தடவை கொடுத்த அதே ரோஸ் மருந்து என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். அதுவும் ஆன்டிபயாடிக்தான். வெந்நீரை ஆறவைத்து, மருந்துப் பொடி இருக்கும் பாட்டிலில் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்கிப் புகட்டுவாள். ஜுரம் விட்டதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த சளிக்கு எடுத்து வைப்பாள்.

பெறாதவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா என்று ஊரில் ஒருத்தி கேட்டுவிடக் கூடாதே என்கிற பயம். அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை பாட்டில் என்று அவளுக்கே கணக்கு இல்லை.

இப்போது அதைச் சொன்னால் பூவிழி இனி அவளுக்குக் கிடைக்கமாட்டாள்.

"ஒரே ஒரு வாட்டி குடுத்திருப்பேன் டாக்டர். அதுவும் டாக்டர் எழுதிக் குடுத்தது."

தமிழ்ச்செல்வி நிமிர்ந்தாள். ஆனால் மறுத்துச் சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது? அவள் அப்போது இங்கே இல்லை.

டாக்டரம்மா ஒரு தடவை என்று எழுதிக்கொண்டார். அப்படியானால் கோளாறு சாப்பாட்டில்தான் என்று தமிழ்ச்செல்வியைப் பிடித்துக்கொண்டார். பெற்ற தாய்க்கு இந்த அக்கறைகூட இல்லாவிட்டால் எப்படி என்று குரல் ஏறியது. வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பூவிழி மிரண்டுபோய் அம்மாவை விட்டு நகர்ந்தாள். நகர்ந்து வந்து, அத்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.