வருகை 23

கரும்பலகையின் மூலையில் பதிவு 30, வருகை 23 என்று எழுதியிருந்தது. ஒன்றாம் வகுப்பில், வாசிக்கத் திணறும் பிள்ளைகளைக் கண்டறியும் டிஸ்லெக்சியா சோதனை நடத்த வந்திருந்த பெண், எழுத்து அட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று பேருக்கும் வாசிப்பு தண்ணீர்பட்ட பாடு. “எங்க ஸ்கூல்ல அந்த மாதிரிப் பிள்ளைங்களே இல்லைங்க மேடம்” என்றார் தலைமையாசிரியை. அப்போதுதான் ஜெபமணி தன் மகள் ரூபியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

தலைமையாசிரியையின் முகம் கறுத்தது. “இன்னைக்கு லீவு போடச் சொன்னேனேம்மா?”

“சொன்னீங்க டீச்சர். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்தா எப்பவும் சொல்றதுதான். நானும் வாயை மூடிக்கிட்டு வீட்லயே வெச்சுப்பேன். இன்னைக்கு வந்தவங்க இவளைப் பார்க்கத்தானே வந்திருக்காங்க?”

அதற்குள் ரூபி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சோதிக்க வந்த பெண் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். ரூபி அதை வெகுநேரம் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அழுவாள். இன்று அழவில்லை. “எனக்கு இது வரல. வரலன்னே எழுதிக்கோங்க” என்று உரக்கச் சொல்லி, அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு இறங்கிப்போய், கால்விரல்களில் எம்பி, கரும்பலகை மூலையில் இருந்த இருபத்துமூன்றை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள்.

“கேட்டுக்கு வெளிய என்னை மாதிரி இன்னும் ஆறு பேர் நிக்கிறாங்க. திறந்துவிடச் சொல்லுங்க டீச்சர்.”