ஜெனிற்றாவைப் பார்க்க வந்தவர்கள்

பற்றிஸ் தட்டும் தேத்தண்ணியுமாக ஜெனிற்றா முன்னறைக்கு வந்தபோது, வந்திருந்த இரண்டு பேரில் ஒருவன்கூட அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் கழுத்தைத்தான் பார்த்தார்கள்.

திரைச்சேலைக்குப் பின்னால் நின்ற தாய் செசீலியா சேலையை இன்னும் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். மகளின் கழுத்தில் கிடந்தது அடுத்த வீட்டு ஆச்சிப்பிள்ளையின் சங்கிலி. இரவல் என்று கண்டுபிடித்துவிட்டான்களோ?

முன்னால் இருந்தவன் அன்ரோ. கறுத்தச் சட்டை, முதுகில் விழும் தலைமயிர். கூட வந்த உதயரூபன் சும்மா இருக்கத் தெரியாமல் கதிரைக் கைப்பிடியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். செசீலியா அத்தனையையும் மன்னித்தாள்.

மன்னிக்காமல் என்ன செய்வாள்? சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் கிடைத்த வீட்டை மகளின் பெயருக்கு எழுதி ஐந்து வருஷம் ஆகிறது. வீடு இருக்கிறது, மாப்பிள்ளை இல்லை. சண்டை முடிந்து, மிஞ்சிய பொடியன்களில் பாதிப்பேர் கட்டாருக்கு விமானம் ஏறிவிட்டார்கள்; ஜெனிற்றாவுக்கோ இருபத்தொன்பது.

இந்தப் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது. அப்படியிருக்க, நேற்றுக் கோயிலடியில் இந்த அன்ரோ வலிய வந்து, "ஜெனிற்றா உங்கட மகள்தானே அன்ரி? நாளைக்கு வந்து ஒருக்காப் பாக்கலாமா?" என்று கேட்டான். மிச்சத்தைக் கேட்க செசீலியா அங்கே நிற்கவில்லை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த ஓடிவிட்டாள்.

"நல்லாப் பாடுவாவாம் எண்டு கேள்விப்பட்டம்," என்றான் அன்ரோ. "ஒரு பாட்டுப் பாடுங்களன்."

ஜெனிற்றா மாதா பாட்டொன்று பாடினாள். பாடினாள் என்று சொல்வது மரியாதைக்கு. குறுக்கே ஒரு நுளம்பு பறந்திருந்தால் அதன் ரீங்காரம்தான் கேட்டிருக்கும். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா?" என்று கேட்டான் அன்ரோ.

அதற்கு மேல் திரைக்குப் பின்னால் நிற்க செசீலியாவால் முடியவில்லை. "அடக்கமான புள்ள மனே," என்று வெளியே வந்தாள். "இந்த வீட்டில சத்தம் போடுற ஆள் நான் மட்டுந்தான்."

அது பொய்யில்லை. அவள் கரையில் நின்று ஒருதரம் கூப்பிட்டால், நடு வாவியில் நிற்கும் புருஷன் தோமஸ் வலையைச் சுருட்டுவார். பயத்தில் மற்றத் தோணிக்காரர்களும் சுருட்டுவார்கள்.

"ஆஸ்துமா கீஸ்துமா ஒண்டும் இல்லையே?" இது உதயரூபன்.

"ஒரு வருத்தமும் இல்ல."

"ரெண்டு மாசம் கொழும்பில வந்து நிக்க ஏலுமா?"

"வீடு வாசல் இஞ்ச இரிக்கக்குள்ள கொழும்பு என்னத்துக்கு மனே?"

"இஞ்ச அதுக்கு வசதி காணாது அன்ரி."

இரண்டு அறை, குசினி, கிணறு. இதில் வசதி காணாதாம்! செசீலியா ஒரு கோப்பையை எடுத்து, தேத்தண்ணியோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

"முந்தி இருந்தவவும் கொழும்புக்கு வந்தவதான்," அன்ரோ பெருமூச்சு விட்டான்.

"முந்தி இருந்தவவா?"

"தக்ஷாயினி. மூண்டு வருஷம் எங்களோட இருந்தா. போன மாசம் சுவிசுக்குப் போயிற்றா."

இரண்டாம் தாரமா! செசீலியா மனதுக்குள் சிலுவை அடையாளம் போட்டாள். பிறகு மகளின் வயதை நினைத்துக் குரலை இறக்கினாள். "மறுகா, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல்லையா மனே?"

"ரெண்டு பேரா? நாங்க அஞ்சு பேர் அன்ரி. அஞ்சு பேரோடயும் நல்ல ஒற்றுமையாத்தான் இருந்தா."

"மாதாவே!"

அடிவயிற்றிலிருந்து கிளம்பிய அந்தச் சொல் கூரையில் போய் முட்டி, இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றது. முற்றத்துக் காகங்கள் பறந்தன. ஆச்சிப்பிள்ளை, அடுப்பில் கறி இருப்பதையும் மறந்து, வேலிக்கு ஓடிவந்தாள்.

"நாசமாப் போவானுகளே! என்ட புள்ளைய ஆரெண்டு நெனச்சீங்கடா! வெளிக்கிடுங்கடா!" ஒவ்வொரு வசையும் முந்திய வசையைவிட ஒரு படி உயரத்தில் ஏறி நின்றது.

ஓடவேண்டியவர்கள் ஓடவில்லை. உதயரூபன் இரண்டு கையாலும் கதிரையில் தாளம் போட்டான். அன்ரோ கண்ணை மூடி, சாமி வந்தவனைப் போலத் தலைமயிரைச் சுழற்றினான்.

செசீலியா மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் உதயரூபன் புகுந்தான். "அன்ரி, நாங்க பாட்டுக் குழு. சிம்பொனிக் மெட்டல். வயலினும் கிற்றாரும் ட்றம்ஸும் சேந்து இடி மாதிரி இடிக்கும், அதுக்கு மேலால ஒரு பொம்புளக் குரல் ஏறி நிக்க வேணும். அல்பத்தில வாத்தியமெல்லாம் பதிஞ்சு முடிஞ்சு. கொழும்பில பாடிப் பதியத்தான் ஆளில்ல."

"அப்ப... பொண் பாக்க வரல்லையா?"

"ஐயோ, இல்ல அன்ரி! தக்ஷாயினிட இடத்துக்குப் பாட்டுக்காரி தேடி, தொண்டையப் பாக்கத்தான் வந்த நாங்க."

செசீலியா கதிரையில் தொப்பென்று இருந்தாள். ஜெனிற்றா ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

அன்ரோ எழுந்து வந்து, பூசைக்கு வந்தவனைப் போலக் கைகட்டி நின்றான். "மகள் வேணாம் அன்ரி. நீங்க வாங்க. இப்பிடியொரு குரல நாங்க கேட்டதே இல்ல."

செசீலியா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கோப்பை பொறுக்கும் மகளை ஒருதரம் பார்த்தாள். பிறகு வந்தவர்கள் இருவரையும் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை அளந்தாள்.

"பாடலாம் மனே. உங்கட அஞ்சு பேரில கலியாணம் முடிக்காத ஆக்கள் ஆரார்?"