பிணத்துக்கு ஒரு வசனம்

கும்மிடிப்பூண்டியில் மூடிக்கிடந்த கம்பெனி ஷெட் ஒன்றில் படப்பிடிப்பு. எளாவூர் துர்காதேவிக்கு இதுதான் முதல் படம், அழவேண்டும். அவளுக்கு அப்பாவாகச் செத்திருந்த தணிகாசலம், கழுத்து மாலையோடு பாடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி வருசமா பொணமா நடிக்கிறீங்கண்ணே?"

"பதினெட்டு வருசம்மா. நாப்பத்திமூணு படம்."

"ஒரு வசனம்கூட குடுக்கலியா?"

"இந்தப் படத்துல ஒரு வார்த்தை கீது."

பிணத்துக்கு என்ன வசனம்? பாவம், யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"டைரக்டர் கோவக்காரராண்ணே? நான் இன்னும் பாத்ததேயில்ல. பயமா கீது."

"நல்லா அழுதா ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றபடி படுத்துக்கொண்டார்.

உதவி இயக்குநர் "ஆக்‌ஷன்" என்றதும் துர்காதேவி மாரில் அடித்துக்கொண்டு கதறினாள். பிலிம் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

"கட்! ஓகே!"

குரல் பாடையிலிருந்து வந்தது. யூனிட்டே கைதட்டியது.

"டைரக்டர் சார், அடுத்த ஷாட்?" என்று கேமராமேன் பிணத்திடம் கேட்டார்.

துர்காதேவியைப் பார்த்து, மாலையைக் கழற்றியபடி சிரித்தார் தணிகாசலம்.

"நாப்பத்திமூணு படத்துலயும் எவனாவது கட் சொல்ற வரைக்கும் மூச்சைப் புடிச்சிக்கினு கெடந்தேம்மா. இதுல கதையும் என்னுது, போட்ட முதலும் என்னுது. 'கட்'டையும் நானே சொல்லிக்கினேன்."