ஐந்நூற்று இரண்டாம் எண் வீடு

வாகட் என்ற புறநகர்ப் பகுதியில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதற்கும் ஒரே இன்டர்நெட் இணைப்புதான். அதைக் கட்டி மேய்ப்பவர் செயலாளர் வெங்கடேஸ்வரன்.

"நெட் எப்படிம்மா வரும்? ஐநூத்திரெண்டுல மூணு தடிப்பசங்க ராப்பகலா படமா டவுன்லோட் பண்றானுங்க. அதான் வீட்டுக்கு வீடு, போனுக்குப் போன், தனித்தனியா ஸ்பீட் லிமிட் போட்டிருக்கேன். இன்னும் போடப்போறேன்."

அலுவலக மீட்டிங் பாதியில் அறுந்துபோய், மேனேஜரிடம் திட்டு வாங்கிய எரிச்சலில் அவர் வீட்டுக் கணினி முன் வந்து உட்கார்ந்திருந்தாள் ப்ரீதி.

"அங்கிள், எனக்கு நெட்வொர்க்தான் வேலை. இந்த ஸ்க்ரீன்லயே பாருங்க, லைன்ல முக்கால்வாசி சும்மா கிடக்கு. நீங்க போட்ட ஆயிரம் லிமிட்டையும் சரிபார்த்துச் சரிபார்த்தே ரவுட்டருக்கு மூச்சு வாங்குது. எல்லாத்தையும் எடுத்துட்டு, பொதுவா ஒண்ணு போடுங்க."

"எடுத்தா அவனுங்க ஆடுவானுங்க."

"கொஞ்ச நேரம் எடுத்துத்தான் பாருங்களேன்."

வேண்டாவெறுப்பாக எடுத்தார். உடனே நெட் பறந்தது. அவர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு பரவியது.

"பாத்தியா? காலி பண்ண வெச்சிடுவேன்னு நேத்துதான் வாட்ஸ்அப் குரூப்ல மிரட்டினேன். பயந்து அடங்கிட்டானுங்க."

இனி இவரிடம் ரவுட்டரைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று ப்ரீதி எழுந்தாள்.

"அவங்க போன மாசமே காலி பண்ணிட்டாங்க, அங்கிள். ஐநூத்திரெண்டுல இப்ப நானும் எங்கம்மாவும்தான் இருக்கோம்."

வெங்கடேஸ்வரன் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"உங்கம்மா நிறைய சீரியல் பாப்பாங்களோ?"